ஆறாவது ஊர்

பின்னால் போங்கள், அத்தியாயமெல்லாம் பின்னால்தான் இருக்கிறது, முன்பக்கங்களில் என்ன கிடக்கிறது என்று அந்தக் கட்டைவிரலிடம் எப்படிச் சொல்வது. டாக்டர் சோமசேகரனின் கட்டைவிரல். நகம் ஒட்ட வெட்டியது, எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புகிற பழைய காலத்து விரல். மேடையில் இசக்கியம்மாள் மூன்றாவது ஸ்லைடில் இருக்கிறாள், ஆங்கிலத்தில், ஒத்திகையில் சொன்னதைவிட வேகமாக, மெதுவாகப் பேசு என்று கையைத் தாழ்த்திக் காட்டுகிறேன், அவள் பார்க்கவில்லை. முன்வரிசையில் எனக்கு வலப்பக்கம் சோமசேகரன், வெளியிலிருந்து வந்த தேர்வாளர், மடியில் இசக்கியின் ஆய்வேடு, கருநீல அட்டை, தங்க எழுத்து. அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி என் மடியில். கைக்கு ஒரு வேலை வேண்டும் என்றுதான் ஐந்து நிமிடம் முன்பு அதைத் திறந்தேன். நன்றியுரைப் பக்கம் வந்தது. எந்த வழிகாட்டியும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை, நம்மைப் புகழ்ந்து எழுதியிருப்பார்கள், படித்தால் கூச்சம், படித்ததாகக் காட்டிக்கொண்டால் அதைவிடக் கூச்சம். காப்பி அடித்திருக்கிறதா என்று சோதிக்கிற மென்பொருள்கூட அந்தப் பக்கத்தை விட்டுவிடும். பைண்டிங் கடைக்குப் போகிற அன்று காலையில் எழுதிச் சேர்ப்பது அது. நான் படித்தேன். கடவுளுக்கு, அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு, ஹாஸ்டல் வார்டனுக்கு, புளியடிக்குளத்தில் ஒவ்வொரு தடவையும் மோர் கொடுத்த மாடத்தி அக்காவுக்கு, பிறகு ஆய்வுக்குப் பணம் கொடுக்கிற கம்பெனியின் தொழில்நுட்ப மேலாளர் வெங்கடபதி சாருக்கு, நான்காம் அத்தியாயத்தை வரிவரியாகத் திருத்திக் கொடுத்து, எந்த ஊரைச் சேர்க்க வேண்டாம் என்பதையும் சொந்த அண்ணனைப் போலப் பொறுமையாக எடுத்துச் சொன்னதற்கு. அப்படியே. ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறாள், ஆனால் மொழி அவளுடையது, கைகூப்பி நிற்கிற மொழி. எந்த ஊரைச் சேர்க்க வேண்டாம் என்பதையும்.

அந்தத் தாளுக்கு முந்தைய தாளில் என் கையெழுத்து. பச்சை மை. நிதி வெளிப்படைத்தன்மை உறுதிமொழி, நான்காவது வரி: நிதி அளித்த நிறுவனத்துக்கு ஆய்வுத் தரவுகளைத் தேர்வதிலோ, முடிவுகளை எழுதுவதிலோ எந்தப் பங்கும் இல்லை. அந்த வாக்கியத்தை எழுதியவளே நான்தான். ஹாலந்திலிருந்து திரும்பி வந்த முதல் வருஷம், கையில் வேறு ஒன்றும் கொண்டுவரவில்லை, பதினாறு வருஷ உழைப்பும் இரண்டு பெட்டிப் புத்தகமும் அந்த ஒரு பக்கப் படிவமும்தான். தனியார் பணத்தில் நடக்கிற எல்லா ஆய்வுக்கும் இது கட்டாயம் என்று கல்விக்குழுவில் ஒன்றரை மணி நேரம் பேசி நிறைவேற்றினேன். படிவத்துக்குத் துறையில் 'குழல்வாய்மொழி பேப்பர்' என்று பெயர் வைத்தார்கள். "மேடம் பேப்பர்ல கையெழுத்துப் போட்டாச்சா, இல்லன்னா ராத்திரி தூக்கம் வராதே அவங்களுக்கு" என்று ஒருத்தர் கேன்டீனில் சொன்னது என் காதில் விழவேண்டும் என்றே சொன்னது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஹாலந்தில் எல்லாரும் என்னை வெறும் 'கே' என்று கூப்பிட்டார்கள், முழுப்பெயர் நாக்கில் வராது, இங்கே ஒரு காகிதத்துக்கே முழுப்பெயர். இப்போது அந்தக் காகிதமும் இசக்கியின் நன்றியும் ஒன்றன்மேல் ஒன்று முதுகு சாய்த்துக் கிடக்கின்றன. ஒரு தாள் இல்லை என்கிறது, அடுத்த தாள் ஆமாம் அண்ணா என்கிறது. கட்டைவிரல் இப்போது பொருளடக்கத்தில். பொருளடக்கம் நன்றியுரைக்கு அடுத்தது. அப்படியென்றால் தாண்டிவிட்டாரா, பார்த்துவிட்டுத் தாண்டினாரா, பார்க்காமல் தாண்டினாரா. முகத்தில் ஒன்றும் இல்லை. ஏசி காற்றில் அவர் சட்டைப்பையிலிருந்த பொன்னாடையின் விலைச்சீட்டு மட்டும் ஆடுகிறது, போர்த்தும்போது உதிர்ந்ததைக் குப்பை போட மனமில்லாமல் பையில் செருகிக்கொண்டவர். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் முன்பக்கத்திலிருந்து படிப்பார்கள்.

மாதிரி சேகரிப்பு என்கிறாள் இசக்கி. ஐந்து ஊர், நூற்றுத் தொண்ணூற்று மூன்று பசு, நூற்றெண்பது நாள். கம்பெனியின் தாது உப்புக் கலவையைத் தீவனத்தில் கலந்து கொடுத்த மாடு ஒரு பக்கம், கொடுக்காத மாடு ஒரு பக்கம். பால் பதினோரு சதவீதம் கூடியிருக்கிறது. சினை தங்குவதில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. அழகான ஸ்லைடு, நானே நிறம் மாற்றச் சொன்னேன், சிவப்பு வேண்டாம் பச்சை வை என்று. ஐந்து ஊர் இல்லை, ஆறு. நூற்றுத் தொண்ணூற்று மூன்று இல்லை, இருநூற்று முப்பத்தொன்று. ஆறாவது ஊர் புளியடிக்குளம், அங்கே முப்பத்தெட்டு மாடு, கலவை தின்ற மாடுகளில் ஏழு, நாள் நிறையாமலே சினையில் கன்று வீசிவிட்டன. ஏழு. முதல் மூன்றுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நாலாவதுக்கு இசக்கி என் அறை வாசலில் வந்து நின்றாள், செருப்பில் சாணி காயவில்லை. "மேடம், ஒரு தெருவுலயே நாலு மேடம்." கன்று வீச்சு நோயாக இருக்கலாம். அந்த நோய் ஒரு ஊரில் புகுந்தால் இப்படித்தான் வரிசையாக வீசும், கலவைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம், நான் விஞ்ஞானி, இருக்கலாம் என்பதுதான் என் தொழில். ரத்தம் எடுத்துப் பரிசோதித்தால் ஒரு வாரத்தில் தெரியும். பரிசோதனைச் செலவுக்குத் திட்ட நிதியிலிருந்து அனுமதி கேட்டுக் கம்பெனிக்கு எழுதினேன். அடுத்த தவணையில் பார்க்கலாம் என்று பதில். மறுபடி எழுதினேன். மறுபடியும் அடுத்த தவணை. மூன்றாவது தடவை எழுதவில்லை. என் ஒரு மாசச் சம்பளத்தில் கால்பங்குகூட வராது அந்தப் பரிசோதனை. கைக்காசைக் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை என்று யாராவது கேட்டால், ஆய்வுக்குச் சொந்தப் பணம் போடுவது முறையில்லை என்று என் படிவத்தையே எடுத்துக் காட்டுவேன், மூன்றாவது வரி.

காலை பத்தேகாலுக்கு வாசலில் ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். இசக்கியின் பாஸ்போர்ட் படம் ஆளுயரத்துக்கு. அவள் அப்பா வேட்டி மடிப்புக் கலையாமல் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தார். வேனில் சொந்தக்காரர்கள் பதினாறு பேர், அவர்களோடு ஒரு பெண், வெற்றிலைச் சிவப்பு, புதுச் சேலையின் கஞ்சி போகவில்லை. இசக்கிதான் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். "மேடம், இவங்கதான் மாடத்தி அக்கா." மாடத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, எங்க ஊரும் அந்தப் பொஸ்தகத்துல இருக்கா?" என்று கேட்டாள். இருக்கு என்றேன். யோசிக்கவே இல்லை, வாசலில் வந்தவர்களை வாங்க என்று சொல்வதுபோல வாயிலிருந்து வந்தது. இருக்கு. "இருக்கணும்லா, அந்தப் புள்ள வெயிலு மழை பாக்காம வந்துச்சு" என்றாள். இருக்கு என்று ஏன் சொன்னேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எங்கேயும் இல்லாத ஊரை இருக்கு என்றேன் என்று அப்போது நினைத்தேன், நெஞ்சில் ஒரு சின்ன முள். இப்போது பார்த்தால் பொய்யே இல்லை, இருக்கிறது, நன்றியுரையில் இருக்கிறது, மோர் கொடுத்த ஊராக, புத்தகத்திலேயே அந்த ஒரு பக்கத்தில்தான் ஆறாவது ஊர் இருக்கிறது. ஊரின் பெயரும் ஊரை எடுக்கச் சொன்னவரின் பெயரும் அடுத்தடுத்த வரியில். வெகுளியாகத்தான் எழுதினாளா. இருபத்தொன்பது வயசு, ஆறு வருஷமாக மாட்டுக்கொட்டிலில் நின்று ஏமாற்றுகிற பால்காரனையெல்லாம் மடக்கியவள், வெகுளியா. யார் உதவி செய்தாலும் நன்றி சொல்லிவிடவேண்டும், விட்டுவிட்டால் மனசுக்கு ஆகாது என்று வளர்ந்த பிள்ளை, அவ்வளவுதான். இல்லை, அவ்வளவுதானா. என்னிடம் கேட்டுப் பதில் வராததை இப்படி எழுதி வைத்தாளா, யாராவது ஒருத்தர் படிக்கட்டும் என்று. மேடையில் அவள் முகத்தைப் பார்க்கிறேன். குச்சியால் ஒரு கோட்டைக் காட்டுகிறாள். முகத்தில் கோடு மட்டும்தான் இருக்கிறது.

என் இடப்பக்கம் ஒரு நாற்காலி தள்ளி வெங்கடபதி, கால்மேல் கால், மேல்கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, பளபளப்பான ஷூ, நெற்றியில் சந்தனம். கெட்டவராக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும். ஒரு தடவைகூட அதட்டியதில்லை. வரும்போதெல்லாம் அல்வா கொண்டுவருவார், ஆய்வகத்துப் பெண்களை அம்மா என்றுதான் கூப்பிடுவார், என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கார் அனுப்பினார். அந்தக் காருக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. பாங்காக் மாநாட்டுக்குக் கட்டம் உண்டு, ஏழாவது வரி, நிறுவனத்திடமிருந்து ஆய்வாளர் பெற்ற பயணச் செலவு. இல்லை என்று எழுதினேன். டிக்கெட் எடுத்தது கம்பெனி இல்லை, கம்பெனியின் அறக்கட்டளை. அறக்கட்டளை வேறு, நிறுவனம் வேறு, அப்படித்தான் எனக்கு நானே விளக்கிக்கொண்டேன், விளக்கம் சொல்லும்போது எனக்குள் கேட்ட குரல் வெங்கடபதியின் குரல், அத்தனை இதமாக. பாங்காக் ஏர்போர்ட்டில் பெட்டிக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் இசக்கியின் போன். பெல்ட் சுற்றிக்கொண்டிருக்கிறது, யார் யார் பெட்டியோ வருகிறது, என்னுடையது வரவில்லை. "மேடம், வெங்கடபதி சார் நாலாவது சாப்டரைப் பாத்துட்டு ஆறாவது ஊரை எடுத்துரச் சொல்லுதாவ. அது நோயாத்தான் இருக்கும், வெளிக்காரணம்னு சொல்லுதாவ. என்ன செய்ய மேடம்?" நான்காம் அத்தியாயம் அவரிடம் எப்படிப் போனது என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. ஏனென்றால் அனுப்பியது நான்தான், கிளம்புகிற அவசரத்தில், ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் என்று. "அவர் சொல்றதைக் கேட்டு செய்ம்மா, நான் வந்து பேசுறேன்" என்றேன். பெட்டி வந்தது. பச்சை நாடா கட்டிய பெட்டி. ஊருக்கு வந்தேன். பேசவில்லை. அவள் ஒரு வாரம் என் அறைப் பக்கம் சும்மா சும்மா வந்தாள், வாசலில் நிற்பாள், நான் நிமிர்ந்து பார்த்து என்னம்மா என்பேன், ஒண்ணுமில்ல மேடம் என்பாள். எட்டாவது நாள் திருத்திய அத்தியாயம் மேசைமேல் இருந்தது, ஐந்து ஊர். கையெழுத்துப் போட்டேன். இப்படித்தான் நடந்தது, யாரும் கதவைச் சாத்திக்கொண்டு சதி செய்யவில்லை, ஒரு பெல்ட் சுற்றியது, ஒரு வாரம் போனது.

இன்று காலையும் வெங்கடபதி பக்கத்தில் வந்து போனைக் காட்டினார். கலவை மூட்டையின் படம். மஞ்சள் சாக்கு, சிரிக்கிற பசு. "மேடம், டிசைன் ரெடி. யூனிவர்சிட்டி பேரு சின்னதாத்தான், கீழ. ஆய்வில் நிரூபிக்கப்பட்டதுன்னு ஒரு வரி. இன்னைக்கு நம்ம பொண்ணு டாக்டர் ஆயிட்டா ஆவணியில முதல் லாட் இறக்கிடலாம், எட்டு ஜில்லா." எட்டு ஜில்லா. ஒரு ஜில்லாவுக்கு எத்தனை மாடு, அதில் எத்தனை சினை. கணக்கு என்னை அறியாமல் ஓடுகிறது. இருக்கலாம், நோயாகவே இருக்கலாம். அப்படியே இருந்தாலும் தெரியாது என்றுதானே எழுதியிருக்கவேண்டும், ஐந்து ஊர் என்று எழுதாமல். சோமசேகரன் புத்தகத்தைப் பின்னோக்கித் திருப்புகிறார். பின்னோக்கி. பொருளடக்கம், அதற்கு முன்னால், நிற்கிறார். எச்சில் தொட்ட விரல் தாளின் ஓரத்தில் நிற்கிறது. முன் தாளைத் திருப்பிப் பார்க்கிறார், என் பச்சைக் கையெழுத்து. மறுபடி இந்தத் தாள். மறுபடி அந்தத் தாள். பையிலிருந்து மஞ்சள் ஒட்டுச்சீட்டுக் கட்டை எடுக்கிறார். எழுதுகிறார், நிதானமாக, பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கிறது. உள்ளங்கை ஈரம் கருநீல அட்டையில் அச்சாகப் பதிந்திருக்கிறது, துடைக்கிறேன், போகவில்லை. இதுதான், முடிந்தது, இப்போது எழுந்து நின்று கேட்பார், இத்தனை பேர் முன்னால், ஃபிளெக்ஸ் முன்னால், அவள் அப்பாவின் வேட்டி மடிப்புக்கு முன்னால்.

எழவில்லை. சீட்டைப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டி, புத்தகத்தை என் பக்கம் மெல்லச் சாய்க்கிறார். சீட்டில்: நன்றியுரை மிக நீளம். சுருக்கி எழுதி, அந்த ஒரு தாளை மட்டும் மாற்றி பைண்ட் செய்து நூலகத்துக்குக் கொடுத்தால் போதும். கீழே, வாழ்த்துகள். நிமிர்ந்து பார்க்கிறேன். அவர் ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கிறார், தெரியும், இதெல்லாம் நடப்பதுதான், என்று பாத்திரம் உடைத்த பிள்ளையைப் பெரியப்பா பார்ப்பதுபோல. எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. உண்மையாகவே, கழுத்துக்குப் பின்னால் பிடித்திருந்தது விட்டது, மூச்சு அடிவயிறு வரை போனது, சமோசா வாசனைகூட வந்தது, பின்னால் பொட்டலம் பிரிக்கிறார்கள். ஒரு தாள்தானே. பைண்டிங் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம், நூற்றைம்பது ரூபாய், இசக்கியிடம் கொஞ்சம் சுருக்கும்மா என்றால் சுருக்கிவிடுவாள். எதைச் சுருக்குவாள். அந்த வரியை எடுத்துவிடு என்று நான் விரலால் காட்டவேண்டும். காட்டும்போது அவள் என்னைப் பார்ப்பாள். ஒண்ணுமில்ல மேடம் என்று போனாளே, அந்தப் பார்வை. அந்தத் தாளை உருவினால் புத்தகத்தில் மிச்சம் இருப்பது என் தாள். இசக்கி சொன்னதைக் கிழித்துவிட்டு நான் சொன்ன பொய்யை நூலகத்தில் வைக்கப் போகிறோம், அதுவும் நான் கொண்டுவந்த படிவத்தில், என் பெயரால் கூப்பிடுகிற படிவத்தில். பயம் இவ்வளவு நேரம் கண்டுபிடித்துவிடுவார்களோ என்பதுதான் என்று நினைத்திருந்தேன். கண்டுபிடித்தாகிவிட்டது. ஒன்றும் ஆகாது. பயம் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

கைதட்டல். நன்றி என்று முடித்துவிட்டாள் இசக்கி, முன்நெற்றி வியர்வை விளக்கில் மின்னுகிறது. ஒருங்கிணைப்பாளர் நான்தான், எழுந்து மைக்கை வாங்கவேண்டும், வாங்குகிறேன். அவையிலிருந்து கேள்விகள் கேட்கலாம் என்கிறேன். கேள்வி மூன்று, நேற்றே சீட்டில் எழுதித் துறை ஆட்களிடம் கொடுத்தவை, வழக்கம் அது, பொது வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்காமல் போனால் நன்றாக இருக்காது, யாராவது ஏடாகூடமாகக் கேட்டால் அதைவிட மோசம். முதல் கேள்வி, இணைப்பேராசிரியர், சீட்டைப் பார்த்தே படிக்கிறார். இசக்கி பதில் சொல்கிறாள். இரண்டாவது. மூன்றாவது கேட்கவேண்டியவர் டீ கப்போடு எழுந்து சீட்டைத் தேடிச் சட்டைப்பை, பேன்ட் பை எல்லாம் தடவி, ஞாபகத்திலிருந்து பாதி கேட்கிறார், சிரிப்பு. பதில். இனி நான் சொல்லவேண்டியது ஒரு வரி, வேறு யாருக்காவது கேள்வி இருக்கிறதா, மனசுக்குள் மூன்று எண்ணி, இல்லை என்றால் நன்றி சொல்லிக் கூட்டத்தை வெளியே அனுப்பி, சோமசேகரனும் நானும் அறிக்கையில் கையெழுத்து. இன்று பேசினால் அவளுக்கு இன்று பட்டம் இல்லை. ஆறாவது ஊரைச் சேர்த்து, ரத்தம் எடுத்து, திரும்ப எழுதி, குறைந்தது ஒரு வருஷம். சமோசா தின்றுகொண்டிருக்கிற பதினாறு பேர் வேனில் என்ன பேசிக்கொண்டு போவார்கள். அவளிடம் கேட்டேனா. அவள்தான் கேட்டாள், என்ன செய்ய மேடம் என்று, பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது.

"வேறு யாருக்காவது கேள்வி இருக்கா?" ஒன்று. பின்வரிசையில் மாடத்தி ஜாங்கிரியை முந்தானையில் முடிகிறாள், வீட்டுக்கு. இரண்டு. வெங்கடபதியின் ஷூ ஆடுகிறது. இருக்கு என்றேன் வாசலில், டீச்சரம்மா.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு."

யாரோ சிரித்தார்கள். "மேடம், கைடு கேள்வி கேக்கக் கூடாது, ரூல் இருக்கு" என்றார் சீட்டைத் தொலைத்தவர். தெரியும் என்றேன். மைக்கில் என் குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "பதில்ல என்ன வந்தாலும் அந்தத் தப்பு என்னோடது. இவளோடது இல்ல. சார், நீங்க இதையும் குறிச்சுக்கணும்." சோமசேகரன் என்னைப் பார்க்காமல் மஞ்சள் சீட்டைப் பார்த்தார். இசக்கி சிரித்துக்கொண்டே சேலையைச் சரிசெய்தாள், ஒத்திகையில் இல்லாத கேள்வி, மேடம் ஏதோ நல்லதுக்குத்தான் கேட்கிறார். "கேளுங்க மேடம்."

"புளியடிக்குளத்துல எத்தனை மாடு? கலவை தின்னதுல எத்தனை கன்று வீசுச்சு?"

ஷூ நின்றது. சிரிப்பு அவள் முகத்திலிருந்து போனது, ஆனால் அவள் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள், ஒரு நொடி யோசிக்கவும் இல்லை, நாக்கு நுனியிலேயே ஒரு வருஷமாக வைத்திருந்ததை எடுத்து வைத்தாள்.

"முப்பத்தெட்டு மாடு மேடம். ஏழு."

"எட்டு." பின்வரிசையிலிருந்து. மாடத்தி எழுந்து நின்றாள், முந்தானை முடிச்சை ஒரு கையில் பிடித்தபடி. "ஏழுன்னு நீ எண்ணிட்டுப் போன பொறவு எங்க வீட்டுச் செவலையும் வீசிட்டும்மா. நீதான் பொறவு வரவே இல்லையே, யாருட்டப் போயிச் சொல்ல?"

சோமசேகரன் மஞ்சள் சீட்டை உரித்தெடுத்தார், கசக்கவில்லை, மடித்துச் சட்டைப்பையில், விலைச்சீட்டோடு வைத்தார். பேனா மூடியைத் திறந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே முழு உடம்பையும் பின்வரிசைப் பக்கம் திருப்பி, "அம்மா, ஊர் பேரை இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார்.